எலும்பு சேர்த்தவர் யார்?

ஒரு வீட்டுக் கொல்லையில் ஆட்டெலும்புகள் குவிந்து கிடப்பதைக் காண்கிறவன், அவ்வீட்டார் புலால் உண்பவர் என்று சொல்லிவிட்டு அப்பால் போவான். அவ்வெலும்புகளை ஒரு நாய் அடுத்த தெருவிலிருந்து கவ்விவந்து அங்கே போட்டிருக்கலாம் என்ற நினைவு அவனுக்கு எளிதில் வராது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதற்கே எத்தனையோ நிபந்தனைகளை விதித்தவர்கள் நம் தருக்க நூலார். மூடுபனியைப் புகையென்று மயங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குகைக்குள் சேர்ந்த எலும்புகளைக் கொண்டு, மனித குலத்தின் இயல்பையே அனுமானிக்கப் புகுகிறவர்களுக்கு அந்தக் கவலை எவ்வளவு மிகுதியாக இருந்திருக்க வேண்டும்! ஆனால் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலோருக்கு அது இருக்கவில்லை. அது இருந்த ஒருவரைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

சார்ல்ஸ் கிம்பர்லின் பிரெயின் என்பது அவர் பெயர். நண்பர்களும் சக விஞ்ஞானிகளும் பாப் பிரெயின் என்று அழைத்தார்கள். 1931-இல் தெற்கு ரொடீசியாவின் சாலிஸ்பரி நகரில், இன்று ஹராரே என வழங்கும் ஊரில், பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து டிரான்ஸ்வால் அருங்காட்சியகத்தில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1968 முதல் 1991 வரை அதன் இயக்குநராகவும் இருந்து, 2023-இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். குகைகளின் மண்ணையும் கல்லையும் ஆராய்ந்து பூதத்துவத்தில் பட்டம் பெற்றவர். பல்லி, பாம்பு முதலிய ஊர்வனவற்றைப் பேணும் பிரிவில் பணி செய்தவர். அவரைத் தொல்லியலார் என்பதா, விலங்கியலார் என்பதா என்று கேட்டால் எனக்கு விடை சொல்லத் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை அவர் பொருட்படுத்தாததால்தான் அவருடைய பணி இயன்றது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அவர் தீர்க்கப் புகுந்த வழக்கு அவருக்கு முந்திய தலைமுறையில் தொடங்கியது. 1924-இல் டவுங் என்னும் இடத்துச் சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு சிறு மண்டையோட்டை, ஜோகன்னஸ்பர்க்கில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட், குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஓர் உயிரின் குழந்தைத் தலை என்று கண்டு, அதற்கு ஆஸ்திரலோபித்தேகஸ் ஆப்பிரிக்கானஸ் என்று பெயரிட்டு 1925-இல் வெளியிட்டார். ஐரோப்பியப் பண்டிதர்கள் இருபதாண்டுக் காலம் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னதே சரி என்பது பின்னால் நிலைபெற்றது. உலகமெல்லாம் மறுத்தபோது தனியாக நின்று வென்ற அந்த மனிதர், 1947-க்குப் பின் மகாபான்ஸ்காட் என்ற மற்றொரு சுண்ணாம்புக் குகையின் எலும்புகளில் ஈடுபட்டார். காரைபோல் இறுகிய கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 7,159 எலும்புத் துண்டுகளை வகைப்படுத்தி எண்ணியபோது, அவற்றுள் ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு இருப்பது அவர் கண்ணில் பட்டது. தலைகளும் தாடைகளும் மிகுதி. வால் எலும்புகள் இல்லையென்றே சொல்லலாம். மானினத்தின் முன்னங்கால் மேலெலும்பை எடுத்துக்கொண்டால், முழங்கைப் பக்கத்து முனைகள் பத்துக் கிடைக்கிற இடத்தில் தோள்பக்கத்து முனை ஒன்றுதான் கிடைத்தது.

இயற்கை இப்படிப் பொறுக்கி எடுக்காது, பொறுக்கியெடுத்தது ஒரு கை என்றார் டார்ட். முழங்கைப் பக்கத்துப் புடைப்போடு கூடிய எலும்பு கதாயுதம். பற்கள் பதிந்த தாடை அறுக்கும் கருவி. கொம்பு குத்தும் ஈட்டி. வால் சைகை காட்டவோ சாட்டையாகவோ குகைக்கு வெளியே பயன்பட்டுத் தொலைந்தது. பபூன் குரங்குகளின் மண்டையோடுகள் சிலவற்றில் இரட்டைக் குழிகள் அமுங்கியிருந்தன. அந்தக் கதாயுதத்தின் இரட்டைப் புடைப்பு அவற்றில் பொருந்துவதாக அவர் காட்டினார். கல்லாயுதத்துக்கும் முந்தியதாக ‘எலும்பு, பல், கொம்பு நாகரிகம்’ ஒன்று இருந்தது என்றும், நம் மூதாதையர் கொலைத் தொழிலில் தேர்ந்த வேட்டைக்காரர்கள் என்றும், தம் இனத்தாரையே கொன்று தின்றவர்கள் என்றும் 1957-ஆம் ஆண்டின் தம் பெருநூலில் எழுதினார். ராபர்ட் ஆர்ட்ரி என்ற நாடகாசிரியர் 1961-இல் ‘ஆப்பிரிக்கன் ஜெனிசிஸ்’ என்ற நூலின் வாயிலாக இந்தச் சித்தாந்தத்தை வீடுதோறும் கொண்டுபோனார். 1968-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் திரைப்படத்தில் வானரம் ஒன்று எலும்பைக் கையிலெடுத்து ஓங்குகிற காட்சிக்கும் வித்து இதுவே. இரண்டு உலக யுத்தங்களைக் கண்டு மனம் கசந்திருந்த தலைமுறை, கொலை நம் இரத்தத்திலேயே ஊறியது என்ற வாக்கை எளிதில் நம்பியதில் வியப்பில்லை.

டார்ட்டின் எண்ணிக்கையில் பிரெயினுக்குச் சந்தேகம் இல்லை. எலும்புகள் அவ்வாறு ஏறுமாறாகக் குறைந்திருந்தது மெய். குறைத்தது கைதானா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடி அவர் குகைக்குள் இன்னும் ஆழமாகப் போகாமல், குகையை விட்டு வெகுதூரம் போனார் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. நமீபியப் பாலைவனத்தில் குயிசெப் என்றொரு நதி, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும். அதன் கரையில் கோபபெப் ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே, கொய்கொய் இனத்தைச் சேர்ந்த டோப்னார் மக்களின் சிற்றூர்கள் உண்டு. அவர்கள் வளர்ப்பதும் உண்பதும் வெள்ளாடு. ஆட்டை அறுத்துச் சமைத்து உண்டபின், நல்லி எலும்புகளைக் கல்லின்மேல் வைத்து மற்றொரு கல்லால் தட்டி, உள்ளிருக்கும் மச்சையை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை நாய்கள் கடிக்கும். நாய்களும் வேண்டாமென்று விட்டவை வெயிலில் வெளுத்து மணலில் கிடக்கும். வேறு பெரிய பிராணிகளின் எலும்பு அங்கே கலப்பதற்கு வழியில்லை. யார் உண்டார், யார் கடித்தார் என்பதெல்லாம் கண்கூடு. 1960-களின் நடுவில் பிரெயின் அந்தச் சிற்றூர்களின் குப்பையைப் பொறுக்கினார். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு, டார்ட் எண்ணிய அதே முறையில் எண்ணினார்.

மகாபான்ஸ்காட் குகையின் கணக்கு அந்தப் பாலைவனக் கிராமத்துக் குப்பையில் திரும்பவும் எழுந்தது! தாடைகள் மிகுதி, வால் எலும்பு இல்லை, முன்னங்கால் மேலெலும்பில் முழங்கைப் பக்கத்து முனைகள் ஏராளம், தோள்பக்கத்து முனைகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த ஊரில் எவரும் ஆட்டெலும்பைக் கதாயுதமாகத் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. பின் ஏன் இப்படி ஆயிற்று?

விடை எலும்பின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. நம் சமையலறையில் கறி அரிந்து பழகியவர்கள் இதைக் கையாலேயே அறிவார்கள்: எலும்பின் எல்லாப் பகுதியும் ஒரே உறுதி உடையதன்று. இளம் ஆட்டின் கால் எலும்பு தண்டும் முனைகளுமாகத் தனித்தனியே வளர்ந்து, வயது ஏற ஏற ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு ஒரே எலும்பாகிறது. முழங்கைப் பக்கத்து முனை இளமையிலேயே தண்டோடு இணைந்து கெட்டிப்பட்டுவிடும். தோள்பக்கத்து முனையோ வெகுகாலம் இணையாமல், கடற்பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்து, கொழுப்பூறி, நாய்ப்பல்லுக்கு இனிதாக இருக்கும். ஒவ்வொரு பகுதியின் அடர்த்தியையும் பிரெயின் அளந்து பார்த்தார். அடர்த்தி மிகுந்தது எஞ்சியது, குறைந்தது மறைந்தது. இந்த ஒரே காரணத்தைக் கொண்டு அத்தனை ஏற்றத்தாழ்வையும் பெரும்பாலும் விளக்கிவிட முடிந்தது. நாய்க்குப் பதிலாகக் கழுதைப்புலியை வைத்தாலும் காரியம் மாறாது. மகாபான்ஸ்காட் எலும்புகளை மறுபடியும் பரிசீலித்த பிற்கால ஆராய்ச்சியாளர்கள், கழுதைப்புலியின் பல்லும் முள்ளம்பன்றியின் கொறித்தலும் அவற்றில் பதிந்திருப்பதைக் கண்டார்கள்.

குயிசெப் கரையில் அவருக்கு இன்னொன்றும் கிடைத்தது. ஆடுகள் நீருக்காகக் கூடி மிதிக்கும் இடங்களில் மணலோடு மணலாகப் புரண்ட எலும்புச் சில்லுகள், யாரோ ஒரு தச்சன் இழைத்து மெருகிட்டு வைத்ததுபோல வழவழப்பும் கூர்மையும் பெற்றிருந்தன. அவற்றை ஓர் அருங்காட்சியகத்துப் பெட்டியில் வைத்துக் கீழே ஆதிமனிதனின் கருவி என்று சீட்டு ஒட்டியிருந்தால், பார்த்தவர் எவரும் மறுத்திருக்க மாட்டார். குளம்புகளின் மிதியிலும் மணலின் உராய்விலும் விளைந்த போலிக் கருவிகள் அவை என்று 1967-இல் பிரெயின் எழுதினார்.

இப்போது குகைக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே, குரூகர்ஸ்டார்ப் அருகில், ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகைக்கு எதிர்ப்புறத்துச் சரிவில் இருப்பது ஸ்வார்ட்கிரான்ஸ். கரும்பாறை என்பது அதன் பொருள். 1948-இல் ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் அங்கே தோண்டத் தொடங்கி, தடித்த தாடையும் பெரிய கடைவாய்ப் பற்களும் உடைய பராந்திரோபஸ் என்ற ஆதி இனத்தின் எலும்புகளை ஏராளமாக எடுத்தார்கள். நம் சொந்த ஹோமோ இனத்தின் எலும்புகளும் சில அங்கே கிடைத்தன. 1965-இல் பிரெயின் அதைத் தம் பொறுப்பில் ஏற்றார். 1986 வரை, இருபத்தோராண்டுகள், விடாமல் பணி நடந்தது. புதுக் கல்லில் உளி வைப்பதற்கு முன், சுண்ணாம்புத் தொழிலாளர் வெடிவைத்துத் தகர்த்து எறிந்திருந்த கழிவுக் குவியல்களைச் சலிப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. புகழுக்கு விரைகிறவர் எவரும் அந்தக் கழிவின்முன் அவ்வளவு காலம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அத்தனை பேருடைய எலும்புகள் அந்தக் குகைக்குள் எப்படி வந்தன? பராந்திரோபஸ் உயிர்கள் பலவற்றின் எச்சங்கள். அவற்றுள் குழந்தைகளும் இளையோரும் அதிகம். குடியிருந்த வீடு என்று சொல்ல முடியாது. செங்குத்தாக இறங்கும் துரவு அது. பிரெயின் உயிருள்ள சிறுத்தைகளைக் கவனிக்கத் தொடங்கினார். சிறுத்தை தான் கொன்றதைத் தரையில் விட்டுவைத்தால் கழுதைப்புலிக் கூட்டம் வந்து பறித்துக்கொள்ளும். ஆகையால் இரையை மரத்தின்மேல் இழுத்துப்போய்க் கிளையிடுக்கில் செருகி, ஆறஅமர உண்ணும். ஆனால் ஸ்வார்ட்கிரான்ஸ் இருக்கும் பீடபூமி புல்வெளி. பனியும் காட்டுத்தீயும் மரங்களை வளரவிடுவதில்லை. மரங்கள் நிற்பது எங்கே? சுண்ணாம்புக் குகைகளின் வாயருகே, ஈரமும் காப்பும் உள்ள அந்த இடுக்குகளில்தான், காட்டத்தியும் ஸ்டிங்க்வுட் எனப்படும் மரமும் தழைக்கின்றன. மேலே கிளையில் சிறுத்தை உண்ண, அதன் வாயிலிருந்து நழுவிய தலையும் காலும் கீழே நேராகத் துரவுக்குள் விழுந்து, மண் மூடி, சுண்ணாம்பு இறுகிக் கல்லாயின. பிரெயினின் இந்த விளக்கம், சிறுத்தையின் பழக்கத்தையும், மரத்தின் இயல்பையும், குகையின் வடிவையும் ஒருசேர அறிந்த ஒருவருக்கே தோன்றக்கூடியது.

ஒரு தடை எஞ்சியிருந்தது. குகையில் மான்களின் உடலெலும்புகள் எல்லாம் ஓரளவு கிடைத்தன. பபூன்களுக்கும் பராந்திரோபஸுக்கும் தலையும் தாடையுமே பெரும்பாலும் எஞ்சின. தலையை மட்டும் கொண்டுவந்தவன் மனிதன்தானே என்று எவரும் கேட்கலாம். நமீபியப் பண்ணை ஒன்றில் சிவிங்கிப்புலிகளுக்குப் பபூன் உடல்களை இரையாக இட்டு அவர் சோதித்தார். சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. பின்னதன் தாடை வலிமை குறைந்தது. அந்த வலிமை குறைந்த தாடையே பபூனின் முதுகெலும்பு முழுவதையும் மென்று விழுங்கியதைக் கண்டார். அதே விலங்கு மானின் முதுகெலும்பை அப்படித் தீர்க்கவில்லை. குரங்கினத்தின் முதுகெலும்பு அவ்வளவு மெல்லியது. எஞ்சுவது தலையே. வெட்டியெடுத்துக் கொண்டுவர ஒரு வேட்டைக்காரன் வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் பபூன் கூட்டங்கள் இரவைக் குகைகளுக்குள் கழிப்பதையும் அவர் கவனித்திருந்தார். ஒருநாள் மாலை அத்தகைய குகை ஒன்றில் ஒளிந்திருந்து, கூட்டம் உள்ளே வந்து அடங்கியபின் வெளிப்பட்டு நின்றபோது, குரங்குகள் அலறிக் குழம்பினவே தவிர, இருளுக்குள் வெளியேற எதுவும் துணியவில்லை என்று எழுதுகிறார். உள்ளே ஒரு மனிதன் நின்றும், வெளியே இருக்கிற இருட்டே அவற்றுக்கு அதிக அச்சம் தந்தது. ஆதி இனத்தாரும் குளிருக்காக அவ்வாறே ஒடுங்கியிருந்திருக்கலாம், குகைக்குள் நுழைகிற சிறுத்தைக்கு அது கைக்கெட்டிய விருந்தாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார். படிக்கும்போதெல்லாம் அந்த இருட்டு என் மனத்தில் நெடுநேரம் நிற்கிறது.

ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் 1949-இல் கிடைத்த ஓர் இளம் மண்டையோட்டின் மேல்மூடி, எஸ்.கே. 54 என்ற எண் பெற்று, அருங்காட்சியகத்தில் இருந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு துளைகள். ஆயுதத்தால் குத்தப்பட்டவை என்றும் அவை எண்ணப்பட்டதுண்டு. இடைவெளி ஏறத்தாழ 33 மில்லிமீட்டர். அதே குகையின் அதே படிவத்தில் கிடைத்த ஒரு சிறுத்தையின் கீழ்த்தாடையைப் பிரெயின் எடுத்து வந்து, அதன் இரண்டு கோரைப்பற்களையும் அந்தத் துளைகளில் வைத்துப் பார்த்தார். பொருந்தின. கொன்ற இரையின் முகத்தில் மேல்தாடைப் பற்களும், பின்தலையில் கீழ்த்தாடைப் பற்களும் அழுந்த, தலையைக் கவ்வியபடி சிறுத்தை அந்தப் பிள்ளையை இழுத்துச் சென்றிருக்கிறது. 1970-இல் இது வெளியாயிற்று. பபூன் மண்டையின் இரட்டைக் குழியில் டார்ட் ஒரு கதாயுதத்தைப் பொருத்திக் காட்டினார். இந்த மண்டையின் இரட்டைத் துளையில் பிரெயின் ஒரு வாயைப் பொருத்திக் காட்டினார்.

1981-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த அவருடைய பெருநூலின் பெயரே வேட்டையாடியவர்களா, வேட்டையாடப்பட்டவர்களா என்ற வினா. இறந்த உயிர் மண்ணுக்குள் சேரும் வழியெல்லாம் ஆராயும் துறைக்கு, சோவியத் நாட்டு அறிஞர் இவான் எஃப்ரெமோவ் 1940-இல் டாஃபோனமி என்று கிரேக்கச் சொற்களால் பெயரிட்டிருந்தார். புதையும் விதிகளின் நூல் என்று பொருள் கொள்ளலாம். அத்துறைக்கு ஆப்பிரிக்கக் குகைகளில் அடித்தளம் இட்டது இந்த நூல். கழுதைப்புலியின் வளை, எலும்பு சேர்த்துக் கொறிக்கும் முள்ளம்பன்றியின் பொந்து, கூகை கக்கிய எலியெலும்பு உருண்டை, கழுகின் கூடு என்று ஒவ்வொரு பிராணியும் எலும்பில் விட்டுச்செல்லும் கையெழுத்தை அது படித்துக் காட்டியது.

இதில் டார்ட்டின் பெருமையையும் நான் சொல்லியாக வேண்டும். தம் முதுமையில், தாம் கால் நூற்றாண்டு காத்த சித்தாந்தம் தகர்வதைக் கண்ட அவர், கோபம் கொள்ளாமல் பிரெயினின் ஆராய்ச்சியை மனமார வரவேற்றார் என்பதைப் பிரெயினே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். டார்ட் 1988-இல் 95-ஆம் வயதில் மறைந்தார்.

அதே 1988-இல் ஸ்வார்ட்கிரான்ஸிலிருந்து வேறொரு செய்தி வந்தது. குகையின் பிந்திய படிவமொன்றில், ஏறத்தாழ 10 முதல் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட 270 எலும்புத் துண்டுகள் கருகியிருப்பதைப் பிரெயினும் ஆண்ட்ரூ சில்லனும் அறிவித்தார்கள். கறுத்த எலும்பெல்லாம் எரிந்த எலும்பு ஆகாது. மகாபான்ஸ்காட்டில் கறுத்த எலும்பைக் கண்டு நெருப்பென்று டார்ட் எண்ணியது மங்கனீசுக் கறையே என்று பின்னால் தெரிந்திருந்தது. ஆகவே அவர்கள் அங்குள்ள ஸ்டிங்க்வுட் விறகை மூட்டிப் புதிய எலும்புகளை எரித்து, நெருப்பின் சூடு ஏற ஏற எலும்பின் உள்ளிழை எவ்வாறு மாறுகிறதென்று பார்த்து, தொல்லெலும்பின் சீவலை அதனோடு ஒப்பிட்டபின்பே எழுதினார்கள். எரிந்தவை ஒரே மட்டத்தில் இல்லாமல், பல அடுக்குகளில் மீண்டும் மீண்டும் வந்தன. நெருப்பை உண்டாக்கத் தெரியாவிட்டாலும், காட்டுத்தீயிலிருந்து கொண்டுவந்து காக்க அங்கே யாரோ கற்றிருந்தார்கள் என்றும், இருட்டில் சிறுத்தையின் இரையாக இருந்த வாழ்வு அப்போதிலிருந்து மாறியிருக்கும் என்றும் பிரெயின் கருதினார்.

வழக்கு தொடங்கியது டவுங் குழந்தையின் தலையில் அல்லவா? அதன் முடிவும் அங்கேயே இருந்தது. 1995-இல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும், டவுங் எலும்புக் குவியலில் சிறு பிராணிகளே மிகுந்திருப்பதையும் அவற்றின் ஓடுகளிலுள்ள காயங்களையும் கொண்டு, அதைச் சேர்த்தது ஒரு பெருங்கழுகு என்றார்கள். பலர் நம்பவில்லை. பின்பு ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் காட்டில், கொண்டைக்கழுகின் கூடுகளுக்குக் கீழே விழுந்திருந்த குரங்கு மண்டையோடுகளை ஸ்காட் மக்ராவும் அவர் குழுவினரும் பொறுக்கி, கழுகின் நகமும் அலகும் கண்குழிகளில் விட்ட கீறல்களை விவரித்தார்கள். அந்த விவரத்தைப் படித்த பெர்கர், 2006-இல் டவுங் குழந்தையின் மண்டையோட்டை மறுபடியும் கையிலெடுத்து, அதன் கண்குழிகளை உற்று நோக்கினார். எண்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கையிலேந்திப் பார்த்த அந்தச் சிறிய முகத்தில், கண்குழியின் அடித்தளத்தில், அதே கீறல்கள் இருந்தன.